ஸ்போர்ட்ஸ் காரும் டயரின் அளவும்

ஸ்போர்ட்ஸ் கார் என்னும் பெயரைக் கேட்டமாத்திரத்தில் இளைஞர் மனத்தில் முதற்கண் தோன்றுவது அதன் யந்திரமே. அதற்கு எத்தனை குதிரைத்திறன், எத்தனை வினாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தை எய்தும் என்றிவ்வாறு வினவுவோர் பலர். அவ்வண்டி நிலத்தைத் தொடுவது எவ்வளவு பரப்பில் என்று வினவுவோரை யாம் அரிதாகவே கண்டுள்ளோம். யந்திரத்தின் ஆற்றல் முழுவதும், பிரேக்கின் ஆற்றல் முழுவதும், வளைவில் ஓட்டுவோன் நாடும் பிடிப்பு முழுவதும் நான்கு டயர்களின் வழியாகவே நிலத்தைச் சென்றடைய வேண்டும். வேறு வழியில்லை. ஆயினும் வண்டியைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகளில் டயருக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒரு வரியே.

டயரைப்பற்றி எண்ணுவோரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகின்றனர். சக்கரம் பெரிதாயிருக்க வேண்டும். டயர் அகலமாயிருக்க வேண்டும். அதன் பக்கச்சுவர் இயன்றமட்டும் குட்டையாயிருக்க வேண்டும் என்பதே அம்முடிவு. இக்கொள்கையை யாம் ஏற்கிலோம். முற்றும் பொய்யென்று சொல்லத் துணியோம். உண்மையில் ஒரு பாதியைப் பற்றிக்கொண்டு மற்றைப் பாதியைக் கைவிட்ட கொள்கை அது என்போம். கைவிட்ட பாதியின் வலிமையை ஒருநாள் நேரிற் கண்டோமாதலின், இதனை எழுதும் எண்ணம் எமக்குண்டாயிற்று.

எம்முடன் பயின்ற நண்பரொருவர் இங்கிலாந்தில் தொழில் பார்த்து வருகிறார். அவர் சில ஆண்டுகளுக்குமுன் மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்னும் சிறு வண்டியொன்றைப் பழையதாக வாங்கினார். 1989-இல் வெளிவரத் தொடங்கிய முதல் தலைமுறையைச் சேர்ந்தது அது. இருவர் மட்டுமே அமரலாம், மேற்கூரையை மடித்துக்கொள்ளலாம், எடை ஏறத்தாழ 950 கிலோ. யந்திரம் முன்னேயிருந்து பின்சக்கரங்களைச் சுழற்றுவது. அவ்வண்டியைச் செய்தோர் அதற்கு இட்ட டயர் 185/60 ஆர் 14 என்னும் அளவினது. நண்பர் வாங்கியபோதோ, முன்னிருந்த உடையவர் 17 அங்குலச் சக்கரங்களையும் 205/40 ஆர் 17 டயர்களையும் மாட்டி வைத்திருந்தார். நிற்கும் நிலையில் வண்டி மிக்க அழகாயிருந்தது என்பதை யாம் மறுக்கமாட்டோம். நண்பர் அதை வாங்கியதற்கே பாதிக் காரணம் அச்சக்கரங்கள்தாம்.

யாம் அவர் இல்லத்தில் விருந்தினராயிருந்தபோது ஒருநாள் வேல்ஸ் நாட்டு மலைப்பாதைகளுக்கு எம்மை அழைத்துச் சென்றார். வெயிலிருந்தவரை பெருங்குறை ஒன்றுமில்லை. சாலையிலுள்ள ஒவ்வொரு பிளவையும் எம் முதுகெலும்பு எண்ணிக்கொண்டே வந்தது, அவ்வளவே. நண்பகலுக்குப்பின் மழை பிடித்துக்கொண்டது. இடப்புறமாக வளைந்து இறங்கும் ஓரிடத்தில், மிதமான வேகத்திலேயே செல்லுங்கால், தேங்கிநின்ற நீரின்மேல் முன்சக்கரங்கள் மிதக்கத் தலைப்பட்டன. நண்பர் ஸ்டீயரிங்கைத் திருப்பினார், வண்டி திரும்பவில்லை. சாலையின் நடுவைக் கடந்து எதிர்ப்பக்கத்துக் கல்மதிலை நோக்கி நேரே சென்றது. நீரைத் தாண்டியதும் டயர்கள் திடீரெனப் பிடித்தன. வண்டியின் பின்புறம் வெளிப்புறமாக வீசிற்று. எதிரே வேறு வண்டி வராமையாற் பிழைத்தோம். நண்பர் திறமையற்றவர் அல்லர், டயர்களும் தேய்ந்தவையல்ல. சற்றுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர், "வேகம் அதிகமில்லையே!" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு உணவுமேசையிலேயே ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அக்கணக்கு கடினமானதன்று, டயரின் பக்கத்திலேயே வேண்டிய எண்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 185/60 ஆர் 14 என்பதில் முதல் எண் டயரின் அகலத்தை மில்லிமீட்டரிற் குறிப்பது. இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. ஆர் என்னும் எழுத்து உள்ளிழைகள் குறுக்கே ஆரைபோல் ஓடுகின்றன என்பதற்கு அடையாளம். மிஷலின் கம்பெனியார் 1946-இல் உரிமைபெற்ற அமைப்பு அது. இறுதி எண் உட்சக்கரத்தின் விட்டம். அதுமட்டும் இன்றும் அங்குலத்திலேயே வழங்குகிறது. ஒரே பொருளுக்கு மில்லிமீட்டரும் நூற்றுவீதமும் அங்குலமும் கலந்து இலக்கணம் வகுத்தவர் யாவரோ, அவரைப் பள்ளிக்கூடத்துக் கணக்காசிரியர் எவரும் மன்னிக்கமாட்டார்.

இவ்வெண்களைக் கூட்டினால், பழைய டயரின் பக்கச்சுவர் 111 மில்லிமீட்டர். அதனை இருமடங்காக்கி, 14 அங்குலத்திற்குரிய 355.6-ஐச் சேர்க்க, முழு விட்டம் 577.6 மில்லிமீட்டர் ஆகிறது. நண்பர் வண்டியிலிருந்த டயரின் பக்கச்சுவரோ 82 மில்லிமீட்டரே; முழு விட்டம் 595.8. அஃதாவது நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேலாகவே பெரிது. வேகமானி பிழையற்றதாயின், அது 100 காட்டும்போது வண்டி உண்மையில் 103 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும். வேகமானி எக்காலத்தும் உண்மை வேகத்தினும் குறைத்துக் காட்டலாகாது என்பது ஐரோப்பிய நாடுகள் ஏற்றுக்கொண்ட விதி. அன்றியும், சக்கரம் பெருத்த அளவுக்கு ஒவ்வொரு கியரின் இழுப்பும் குறைகிறது. நூற்றுக்குச் சற்று மேற்பட்ட குதிரைத்திறனே உடைய யந்திரத்துக்கு அதுவும் ஒரு நட்டமே. ஆனால் இவையெல்லாம் சிறு குறைகள். எம்மைக் கல்மதிலருகே கொண்டுசென்றது வேறு.

ஒரு டயர் நிலத்தைத் தொடும் பரப்பு எவ்வளவு? அகலத்தை மிகுத்தால் பரப்பும் மிகும் என்றே எவரும் நினைப்பர். ஆயினும் வண்டியைத் தாங்குவது டயரினுள் அடைபட்ட காற்று. 950 கிலோ எடையை நான்காகப் பகுத்தால் சக்கரமொன்றுக்கு ஏறத்தாழ 240 கிலோ. இவ்வண்டிக்குச் சொல்லப்பட்ட காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.83 கிலோ. எடையை அழுத்தத்தால் வகுத்தால் 131 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். விரித்த கை ஒன்றின் அளவுதான் இது. டயரின் சுவர் தாங்கும் சிறு பங்கை விடுத்துப் பார்த்தால், அகலமான டயர் மாட்டினும் அழுத்தம் மாறாதவரை இப்பரப்பும் பெரிதும் மாறுவதில்லை. மாறுவது அதன் உருவமே. குறுகிய டயரின் தடம் நீண்டு ஒடுங்கியிருக்கும். அகலமான டயரின் தடம் குறுக்கே விரிந்து நெடுக்கே சுருங்கியிருக்கும்.

இவ்வுருவ வேற்றுமையிலேதான் நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன. உலர்ந்த சாலையில் குறுக்கே விரிந்த தடம் வளைவில் விரைந்து பிடிக்கும். ஸ்டீயரிங்கைத் தொட்டவுடன் வண்டி திரும்பும். ரப்பர் மிகுதியாயிருப்பதால் வெப்பத்தையும் நெடுநேரம் தாங்கும். பந்தயச் சாலையில் சுற்றுக்குமேற் சுற்றாக ஓட்டுவோருக்கு இவை பெரும் பயன்கள். மழையிலோ நிலைமை தலைகீழாகிறது. ஒவ்வொரு டயரும் தனக்கு முன்னுள்ள நீரைப் பக்கங்களுக்குத் தள்ளிவிட்டே நிலத்தைத் தொட வேண்டும். விரிந்த தடம் மிகுந்த நீரைத் தள்ள வேண்டியிருப்பதோடு, அதற்குக் கிடைக்கும் நீளமும் காலமும் குறைவு. ஒடுங்கி நீண்ட தடத்தின் முன்பகுதி நீரை வகிர்ந்துகொடுக்கப் பின்பகுதி நிலத்தைப் பற்றிக்கொள்கிறது. வண்டி கனமானதாயின் அகலமான டயரையும் அழுத்தி நீரைப் பிதுக்கிவிடும். 950 கிலோ வண்டியால் அது இயலுமா? இயலாமையை யாம் கண்டோம்.

இலேசான வண்டிக்கு அகலமான டயர் இடுவதில் மற்றொரு குறையும் உண்டு. ஸ்போர்ட்ஸ் காருக்கெனச் செய்யும் ரப்பர் ஓரளவு சூடேறினால்தான் இளகி நிலத்தைப் பற்றும். சிறு எடையைப் பேரளவு ரப்பரிற் பங்கிட்டால் அது சூடேறுவதற்கே இடமில்லாமற் போகிறது. குளிர்நாட்டுச் சாலையில் அரைமணி நேரம் ஓட்டியபின்னும் எம் நண்பரின் டயரைத் தொட்டால் குளிர்ந்தே இருந்தது.

அப்படியாயின் பெருங்கம்பெனியாரே தம் வண்டிகளுக்கு அகலமான டயர் இடுவது ஏன் என்று வினவலாம். அவர்கள் இடுவது உண்மை. ஆனால் காரணமின்றி இடுவதில்லை. போர்ஷே கம்பெனியாரின் 911 வண்டியில் யந்திரம் பின்னச்சுக்கும் பின்னே தொங்குகிறது. அதனால் வளைவுகளிற் பின்புறம் வீசும் குணம் அதற்கு இயல்பாயிற்று. தொடக்கத்தில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே 165 மில்லிமீட்டர் டயரே இட்டனர். பின்புறத்தின் மிகையை ஈடுசெய்யச் சில வண்டிகளின் முன்பம்பருக்குள் இரும்புத் துண்டுகளை மறைத்து வைத்ததும் உண்டு. 1972-இல் கரேரா ஆர்.எஸ். என்னும் வகையைக் காட்சிக்குக் கொணர்ந்தபோதுதான் முன்னும் பின்னும் வெவ்வேறு அகலம் வைத்தனர். முன்னே 185/70, பின்னே 215/60, இரண்டும் 15 அங்குலச் சக்கரத்திற்கு. இவற்றின் விட்டத்தைக் கணக்கிட்டுப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகிறோம். முன்டயர் 640 மில்லிமீட்டர், பின்டயர் 639. எடை மிகுந்த இடத்தில் அகலத்தை மிகுத்தனர். உயரத்தையோ ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டுக்குள் காத்தனர். அளவு தேர்தல் என்பது இது.

இதற்கு நேர்மாறான திசையிற் சென்ற அறிவையும் சொல்லவேண்டும். லோட்டஸ் எலீஸ் என்னும் மிக இலேசான வண்டி 1996-இல் வெளிவந்தபோது அதன் முன்டயர் 185 மில்லிமீட்டர், பின்டயர் 205. அடுத்த தலைமுறை புத்தாயிரத்தின் தொடக்கத்தில் வந்தபோது பின்டயரை 225 ஆக்கினர். முன்டயரை 175 ஆகக் குறைத்தனர். புதிய வண்டிக்குப் பழையதினும் குறுகிய டயரா என்று சிலர் முகஞ்சுளித்தனர். முன்புறம் முதலிற் பிடிவிட்டால் ஓட்டுவோன் உணர்ந்து வேகத்தைத் தணிப்பான். பின்புறம் முதலிற் பிடிவிட்டால் உணர்வதற்குள் வண்டி சுழன்றுவிடும். ஆகவே சாதாரண மக்கள் கையிற் போகும் வண்டியில் முன்புறத்தைச் சற்றே வலிகுன்றச் செய்வது விவேகம். இதை அறியாது, முன்டயர் மெலிந்திருக்கிறதென்று இரங்கி அதனை மட்டும் அகலமாக்குவோர், வண்டி செய்தோர் அமைத்துவைத்த காவலைத் தாமே அகற்றுகின்றனர்.

டொயோட்டா கம்பெனியார் 2012-இல் வெளியிட்ட ஜி.டி. 86 இன்னும் துணிவானது. அவ்வண்டிக்கு அவர்கள் இட்ட 215/45 ஆர் 17 டயர், பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்கென்றே பெயர்பெற்ற பிரியஸ் என்னும் குடும்ப வண்டிக்கும் இட்ட டயர்தான். ஏளனம் செய்தோர் உண்டு. தலைமைப் பொறியாளரான தெத்சுயா தாதாவும் அவர் குழுவினரும் அதனை அறிந்தே செய்தனர். பிடிப்பின் எல்லை தாழ்ந்திருந்தால் ஓட்டுவோன் அவ்வெல்லையை மிதமான வேகத்திலேயே எட்டலாம். வண்டி நழுவுவதையும் மீள்வதையும் உயிருக்கு அஞ்சாமல் உணரலாம். எல்லை மிக உயர்ந்திருந்தால், அதை எட்டும் கணத்தில் வேகமும் மிக உயர்ந்திருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதின் இன்பம் பிடிப்பின் மிகுதியில் இல்லை, பிடிப்பை அறிவதில் இருக்கிறது என்னும் இக்கொள்கை எமக்கு உடன்பாடே. அவ்வண்டியைப் பந்தயச் சாலைக்குக் கொண்டுசெல்வோர் அகலமும் பிடிப்பும் மிகுந்த டயரை மாற்றிக்கொள்வதையும் யாம் குறைகூறோம். அவர்கள் தேவை வேறு.

இனி, "முதலில் இட்ட அளவே வேதவாக்கு, அணுவளவும் மாற்றலாகாது" என்பாரும் உளர். அவரோடும் யாம் முழுதும் ஒத்துப்போகவில்லை. காரணம் யாதெனில், டயரின் அளவு காகிதத்தில் எவ்வளவு சிறந்ததாயினும், அவ்வளவில் நல்ல ரப்பர் கடையிற் கிடைக்கவேண்டுமல்லவா? இதற்கு விந்தையான சான்றொன்று உண்டு. 1976-இல் டிர்ரெல் குழுவினர் பி 34 என்னும் ஆறு சக்கரப் பந்தய வண்டியை ஓட்டினர். முன்னே 10 அங்குலச் சிறு சக்கரங்கள் நான்கு. பின்னே வழக்கமான இரண்டு. அவ்வாண்டு ஸ்வீடன் பந்தயத்தில் முதலிடமும் இரண்டாமிடமும் அவ்வண்டிகளுக்கே கிடைத்தன. ஆயினும் அச்சிறு டயரை வேறெந்தக் குழுவினரும் வேண்டவில்லை. பெரிய டயர்கள் மாதந்தோறும் முன்னேற, சிறிய டயர் நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்த ஆண்டோடு வண்டியும் கைவிடப்பட்டது.

எம் நண்பரின் வண்டிக்கும் ஏறக்குறைய இதே நிலைமை நேர்ந்துள்ளது. 14 அங்குலச் சக்கரத்திற்குரிய டயர் இன்றும் கிடைக்கிறது. ஆனால் அவற்றுட் பல சிறு குடும்ப வண்டிகளுக்கெனச் செய்தவை. சிறந்த ஸ்போர்ட்ஸ் டயர்கள் 15 அங்குலத்திலும் அதற்கு மேலும்தான் மிகுதியாக உள்ளன. ஆகவே அன்றிரவு தாளில் மூன்றாவதொரு கணக்கும் போட்டோம். 195/50 ஆர் 15: பக்கச்சுவர் 97.5 மில்லிமீட்டர், முழு விட்டம் 576. பழைய அளவாகிய 577.6-க்கு இரண்டு மில்லிமீட்டருக்குள்! வேகமானி பொய்சொல்லாது, கியர்களின் இழுப்பு மாறாது, அகலம் 10 மில்லிமீட்டரே மிகும். பாரம் தாங்கும் குறியெண்ணைப் பார்த்தோம். இரண்டுக்கும் 82, அஃதாவது டயரொன்றுக்கு 475 கிலோ. வேகக் குறியெழுத்தோ பழையதற்கு எச், அதாவது 210 கிலோமீட்டர். இதற்குப் பெரும்பாலும் வி, அதாவது 240. 1998-இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை எம்.எக்ஸ்-5 வகைகள் சிலவற்றிற்கு மாஸ்டா கம்பெனியாரே இவ்வளவு டயரை இட்டிருக்கின்றனர் என்பதும் பின்னர்த் தெரியவந்தது. தாளை மடித்து நண்பர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

டயரின் எண்கள் ஒத்தமாத்திரத்தில் வேலை முடிந்துவிடாது என்பதையும் ஈண்டு சொல்லவேண்டும். டயருக்கேற்ற அகலமுள்ள சக்கரம் வேண்டும். காட்டாக, 205/55 ஆர் 16 டயரை ஐந்தரை அங்குலம் முதல் ஏழரை அங்குலம் வரை அகலமுள்ள சக்கரத்தில் மாட்டலாம். அதற்கு அப்பாற்பட்டதில் டயரின் சுவர் உள்ளே மடிந்தோ வெளியே இழுபட்டோ உருக்குலையும். சக்கரம் அச்சிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பதையும் நோக்கவேண்டும். தள்ளியது மிகுந்தால் ஸ்டீயரிங்கு சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கையிலிருந்து பறித்துக்கொள்ளும், மட்கார்டும் உராயும். நான்கு சக்கரங்களையும் யந்திரம் சுழற்றும் வண்டியாயின் முன்டயருக்கும் பின்டயருக்கும் விட்டத்தில் பெருவேறுபாடு கூடவே கூடாது. நடுவிலுள்ள பல்சக்கரங்கள் ஓயாமல் ஒன்றோடொன்று போராடித் தேய்ந்துபோகும். டயரின் வயதையும் பார்க்கவேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்திற் செய்தது என்பது பொருள். வரிப்பள்ளம் ஆழமாயிருந்தும் ரப்பர் கிழடாகிவிட்ட டயர்கள், ஆண்டுக்குச் சில நூறு மைல்களே ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களிற்றான் மிகுதி. ஊரார் கண்ணுக்குப் புதியதாகவே தோன்றும், மழையிற் பிடிக்காது.

கடைக்காரரைக் கேட்டால் போதாதோ எனில், நல்ல கடைக்காரர் உளர். ஆயினும் நண்பர் முதலிற் கேட்ட ஒரு கடையில், "இன்னும் ஓரங்குலம் பெரிய சக்கரம் மாட்டலாமே, எல்லாரும் அப்படித்தான் மாட்டுகிறார்கள்" என்றே விடை கிடைத்தது. எல்லாரும் மாட்டுவது உண்மைதான். ஒவ்வொரு தலைமுறை வண்டிக்கும் சக்கரம் ஓரங்குலம் வளர்ந்துகொண்டே வருவதற்குப் பெரும் பிரேக்குகளும் கூடிவரும் எடையும் ஒரு காரணம். ஓவியம் தீட்டுவோர் காகிதத்தில் வரையும் படத்தில் பெரிய சக்கரமே எடுப்பாயிருப்பது மற்றொரு காரணம். முதற்காரணம் 950 கிலோ வண்டிக்குப் பொருந்தாது. இரண்டாவது காரணத்தை நண்பரிடம் வற்புறுத்த எமக்கு மனம் வரவில்லை. அவர் அப்போதும் அச்சக்கரங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. 15 அங்குலச் சக்கரங்களைத் தேடி வாங்கி, 195/50 டயர் மாட்டி, காப்புறுதிக் கம்பெனியாருக்கும் அம்மாற்றத்தை முறைப்படி அறிவித்துவிட்டு, அதே மலைப்பாதைக்குத் தனியே சென்றிருக்கிறார். மழை பெய்துகொண்டிருந்ததாம். அவ்வளைவில் அதே வேகத்தில் இறங்கிப் பார்த்ததாகவும், முன்சக்கரம் ஒருகணம் இலேசாகி உடனே பிடித்துக்கொண்டதாகவும், ஸ்டீயரிங்கின் வழியே அது கையில் நன்றாகத் தெரிந்ததாகவும் எழுதியிருந்தார். தனியே சென்று அதே வேகத்திற் சோதித்தது அறிவீனம் என்று விடை எழுதினோம். 17 அங்குலச் சக்கரங்கள் நான்கும் இன்னும் அவர் வீட்டுப் பின்கொட்டகையிற் கிடக்கின்றன. விற்றுவிடலாமே என்று கேட்டதற்கு, பார்க்க அழகாயிருக்கின்றன, மனம் வரவில்லை என்றார்.